நன்றி சொல்லக் கூடாத பூ

எங்கள் ஊரில் உப்பு ஜாடியை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாலும் நன்றி சொல்வார்கள். பஸ் டிரைவருக்கு நன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு நன்றி, காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டவனுக்கும் ஒரு நன்றி. ஆனால் செடி கொடுத்தவர்களிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. வாங்க வேண்டும், திரும்ப வேண்டும், போய் நட வேண்டும், அவ்வளவுதான். வாய் தவறி நன்றி என்று வந்துவிட்டால் செடி பட்டுப்போகும். இதில் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் அம்மா எல்சி அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் நடந்தேன்.

பனித்துளிப் பூ விஷயத்தில் இந்த வழக்கம் இன்னும் கறார். பிப்ரவரியில் ஊரே சேறும் இருமலுமாகக் கிடக்கும்போது புல்லுக்கு நடுவில் முளைத்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் அந்த வெள்ளைப் பூவை எங்கள் ஊரில் யாரும் கடையில் வாங்க மாட்டார்கள். கடையில் கிடைப்பது உலர்ந்த கிழங்கு. பட்டாணி மாதிரி சுருங்கியிருக்கும், நட்ட இடத்திலேயே மக்கிப்போகும். பூத்து முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே, வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வாளியில் போட்டு மதிலுக்கு மேலாகக் கொடுப்பார்கள். அன்றைக்கே நட்டுவிட வேண்டும். அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இலை தானாக மஞ்சளாகிச் சாயும்வரை அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அந்த இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. அதை வெட்டினால் அடுத்த வருஷம் பூ கிடையாது.

இந்த ஒன்றே ஒன்றுதான் என் வீட்டுக்காரன் லென்னுக்கு முடியாத காரியம்.

லென் ஆப்பிள் மது செய்யும் சைடர் ஆலையில் மெக்கானிக். வாரம் முழுக்க ஆப்பிள் சக்கையும் எண்ணெயுமாகத் திரிந்தவனுக்கு சனிக்கிழமை வந்தால் புல்தரைதான் கோயில். எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்தது சின்னத் துண்டு நிலம், ஓரத்தில் ஒரு பிளம் மரம். அதில் அவன் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தால், ஒரு வரி வெளிர் பச்சை, ஒரு வரி கரும்பச்சை என்று கோடு போட்ட சட்டைத் துணி மாதிரி இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவன் பார்க்காத மாதிரி மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பான். அந்தப் பெருமையைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

கல்யாணமான முதல் மார்ச்சில் அம்மா வாளியோடு வந்தாள். அவளுடைய பூ ஊரில் மற்றவர்களுடையது போல இல்லை. கொஞ்சம் உயரம், கொஞ்சம் தாமதம், வெளி இதழின் நுனியில் பச்சைப் பேனா மையைத் தொட்டு வைத்தது போல ஒரு பொட்டு. அவள் வீட்டுப் பேரிக்காய் மரத்தடியில் மட்டும்தான் அது இருந்தது. எல்சியின் பூ என்றுதான் ஊருக்கே தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் சாதாரணப் பூவைத் தோண்டிக் கொடுப்பாள். இதை மட்டும் மகள்களுக்கு என்று வைத்திருந்தாள். என் தங்கை நெஸ்டா ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால் அந்த மகள்கள் என்பது நான் ஒருத்திதான்.

பிளம் மரத்தடியில் நட்டேன். லென்னைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன்.

"லென், இந்த இடத்தை மட்டும் விட்டுடு. இலை காயணும்."

"எப்போ காயும்?"

"மே கடைசியில."

"மே கடைசியா! அதுவரைக்கும் என் புல்லுக்கு நடுவுல வெங்காயத்தாள் மாதிரி ஆடிக்கிட்டு நிக்குமா? பாக்கிறவன் இந்த வீட்டுக்காரன் செத்துட்டான்னு நெனைப்பான்."

"சுத்தி வெட்டேன். யாரு வேண்டாம்னது?"

"சுத்தி வெட்டினா கோடு கோணலாயிடும், பெரில்."

சரி, விட்டுவிடுகிறேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். மனதாரத்தான் ஒப்புக்கொண்டான். ஆனால் ஈஸ்டர் வந்து மெஷின் உறும ஆரம்பித்ததும் அவனுக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. நான் அடுப்படி ஜன்னலிலிருந்து கத்தினேன். அவன் கையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனான். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, "ஐயோ," என்றான்.

அந்த 'ஐயோ'வை நான் ஒவ்வொரு ஈஸ்டரும் கேட்டேன். அம்மாவும் விடவில்லை, ஒவ்வொரு மார்ச்சும் வாளியோடு வந்தாள். நானும் விடவில்லை, நட்டுக்கொண்டே இருந்தேன். குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். அவன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஷெட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வெட்டினான். வேலி ஓரமாக நட்டுப் பார்த்தேன். வெட்டிய புல்லையெல்லாம் கொண்டுபோய் அங்கேதான் கொட்டினான். இப்படி ஒரு மனிதனோடு ஒருத்தி எப்படிக் குடித்தனம் செய்தாள் என்று கேட்டால், சிரித்துக்கொண்டுதான் என்று சொல்வேன். கோபம் ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் அவன் டீ போட்டுக் கொண்டுவருவான், சாசரில் இரண்டு பிஸ்கெட் கூடுதலாக இருக்கும்.

ஒரு மார்ச்சில் எனக்குச் சலித்துப்போய்விட்டது.

"போதும்மா, இனிமே கொண்டு வராத. அவன் மெஷினுக்குத் தீனி போடவா இதை வளக்குற?"

அம்மா வாளியை வாசற்படியில் வைத்தாள். வெளியேதான் வைப்பாள், உள்ளே கொண்டுவர மாட்டாள். பனித்துளிப் பூ வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. புல்தரையை ஒரு பார்வை பார்த்தாள், நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்த லென்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உன் புருஷன் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்த மண்ணுல என் பூ தலை தூக்காது, கண்ணு. அது எனக்கே தெரியும். என் திருப்திக்குக் கொண்டு வரேன், விடு."

எங்கள் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன் லென்தான். "சரியாச் சொன்னீங்க எல்சி! என் கல்லறையில அதையே எழுதி வச்சிரச் சொல்லுங்க!" என்றான். அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவளுடைய அடுப்பு, குழாய், கதவுக் கீல் எல்லாவற்றையும் பழுது பார்த்தவன் அவன்தான்.

அம்மா ஒரு செப்டம்பரில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த மாதமே, அக்டோபரில், வீடு விற்றது. அக்டோபரில் பனித்துளிப் பூவைத் தேடினால் என்ன கிடைக்கும்? மண்ணுக்கு மேலே ஒரு தடயமும் இருக்காது. அடையாளத்துக்கு இருந்த பேரிக்காய் மரமும் முந்தின வருஷப் புயலில் விழுந்து, வேரைத் தோண்டி எடுத்து, மண்ணைக் கிளறி மூடியாகிவிட்டது. லென் தானாகவே மண்வெட்டியோடு வந்தான். ஒரு நாள் முழுக்கத் தோண்டினான். கற்கள், உடைந்த களிமண் புகைக்குழாய், ஒரு பொம்மையின் கை, இவ்வளவுதான் வந்தன. பிப்ரவரியில் முளை தெரியும்போது புது ஆட்களிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிப்ரவரியில் போனேன். அந்த இடம் முழுக்க ஜல்லி. இரண்டு கார்கள் நின்றன. புதிதாக வந்த மிஸஸ் ஃபென்விக் நல்ல பெண். விஷயம் தெரிந்ததும் அவள் முகமே வெளுத்துவிட்டது. "ஐயோ, எங்களுக்குத் தெரியாதே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவளைச் சொல்லி என்ன பயன்?

வீட்டுக்கு வந்து நெஸ்டாவுக்குப் போன் போட்டேன்.

"உங்கிட்ட ஒண்ணாவது இருக்காடி?"

"இங்க நட்டா வெந்து சூப்பாயிடும். உனக்குத்தானே வருஷா வருஷம் அம்மா குடுத்தா?"

"லென் வெட்டிட்டான்."

"முப்பது வருஷமாவா? சரியான மடையன்!"

"ஏய், வாயை அளந்து பேசு," என்றேன். அவனை நான் திட்டலாம், இவள் யார் திட்டுவதற்கு? ஆனால் போனை வைத்துவிட்டு மேஜை மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அம்மாவின் வீடு போனபோது அப்படி அழவில்லை. இந்த ஊரில் இத்தனை வீட்டில், சர்ச் மதில் ஓரத்தில், சாக்கடை மேட்டில்கூடப் பூத்திருக்கிறது. அவள் கையால் வந்தது மட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை. லென் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமாதானமாக டீ வந்தது.

அந்த வருஷத்து முதல் வெட்டுக்கு முன்பே அவனைப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் தெருப்பக்கத்து ஜன்னலருகே அவனுக்கு நாற்காலி போட்டோம். புல் வளர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ட்ரெவர், லென்னோடு ஆலையில் வேலை பார்த்தவன், மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

"நான் வெட்டிடட்டுமா லென்? உன் அளவுக்குக் கோடு வராது, திட்டாத."

லென் தலையை ஆட்டினான். "வேண்டாம். விடு. வளரட்டும்."

நான் அடுப்படிக்குப் போய் ஏப்ரன் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். புல் வளரட்டும் என்று லென் சொல்கிறான் என்றால் லென் முடிந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? ஜூன் கடைசியில், முழங்கால் வரை வளர்ந்த பிறகுதான் ட்ரெவரை வெட்டவிட்டான். அடுத்த வருஷமும் அதே கதை. தபால்காரர், "காட்டுக்குள்ள எங்கயோ ஒரு வீடு இருக்குன்னாங்க, இதுதானா?" என்று கிண்டல் செய்தார். லென் பாதி வாயால் சிரித்தான்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஜனவரி முழுக்க ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அவருக்கும் ஒரு நன்றி சொன்னேன், பாருங்கள், அந்தப் பழக்கம் எங்கே போகும்?

பிப்ரவரியில் ஒரு காலை குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிளம் மரத்தடியில், மக்கிய புல்லைத் துளைத்துக்கொண்டு முளைகள் நின்றன. சாம்பல் பூசிய பச்சை, நுனியில் வெள்ளை. ஈரத்தில் அப்படியே மண்டியிட்டேன். ஒரு மொட்டைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை மைப் பொட்டு இருந்தது.

சந்தோஷப்பட எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. அம்மா வாசற்படியில் நின்று சொன்னது அதே குரலில் காதில் விழுந்தது. உன் புருஷன் உசிரோட இருக்கிற வரைக்கும் தலை தூக்காது. இப்போது தூக்கிவிட்டது. உள்ளே அவன் இருமுவது கேட்டது.

மடத்தனம்தான். மெஷின் ஓடவில்லை, அதனால் முளைத்திருக்கிறது, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்தது. ஆனால் மொட்டு ஒவ்வொரு நாளும் நிமிர நிமிர அவன் இருமல் கூடிக்கொண்டே போனது. அது வெள்ளையாக விரிந்து தொங்கும் நாளில் இவன் இருக்க மாட்டான் என்று என் நெஞ்சு சொல்லிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் எந்தப் பூவுக்காக மல்லுக்கு நின்றேனோ, அது பூக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு காலை, அவன் கண்ணயர்ந்துவிட்டான் என்று நினைத்து, செடி வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடலாம். லென் செய்ததைத்தானே நானும் செய்யப்போகிறேன்? அவன் வெட்டியவரை நன்றாகத்தானே இருந்தான்?

குனிந்து கத்திரியை விரித்தேன். ஜன்னல் கண்ணாடியில் கைத்தடியால் யாரோ அடித்தார்கள். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று தோன்றும்படி அடித்தார்கள். நிமிர்ந்தால் லென். இடது கையில் தடி, முகம் சிவந்திருந்தது. கத்திரியோடு உள்ளே ஓடினேன்.

"என்ன பண்ற?"

"புல்லு... கொஞ்சம் வளந்திருந்தது..."

"பிப்ரவரியில எவ புல்லு வெட்டுவா?" ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகத்தான் வந்தது. "என் புல்லுல கை வைக்காத."

"நீ பாத்துட்டியா?"

"நானா? ரெண்டு வருஷமா அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

எனக்கு எதுவும் புரியவில்லை. அவன் மூச்சை வாங்கிக்கொண்டு சொன்னான்.

"மொத வருஷம் இங்க உக்கார வச்சீங்களே, அப்போவே தெரிஞ்சுது. நின்னுக்கிட்டு மெஷினைத் தள்றப்போ தெரியாது. தாழ உக்காந்து பாத்தா, காலை வெயில்ல, என் புல்லுக்கு நடுவுல வேற ஒரு பச்சை. நூல் மாதிரி, பூவே இல்லாம. என் புல்லு எனக்குத் தெரியாதா? அது எல்சியோடது. நான் வெட்டி வெட்டியும் சாகல. அவங்களை மாதிரியே பிடிவாதம்."

"அதனாலயா ட்ரெவரை..."

"பின்ன? அந்தக் காட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது என்ன பாடுன்னு நெனைக்கிற? தெருவுல போறவன் ஒவ்வொருத்தனும் பாத்துட்டுப் போனான். வராத கைகூட அரிச்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!"

"சொல்லி, வரலைன்னா? முப்பது தடவை ஏமாந்தவ நீ. இன்னொரு தடவையா?"

கத்திரி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அம்மா சொன்னதையும், நான் பயந்ததையும், எதற்காக வெட்டப் போனேன் என்பதையும் அவனிடம் கொட்டினேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ உங்கம்மாவைத் தோக்கடிச்சே ஆகணும். பூ வந்தாச்சு. நான் இருக்கேன். எங்க, சொல்லு, யாரு ஜெயிச்சா?"

அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக உப்புக்கும் டீக்கும் ஓயாமல் சொன்ன வார்த்தை இப்போதுதான் முதல் முறையாக நெஞ்சிலிருந்து கிளம்பி வந்தது. வாயைத் திறந்தேன். அவன் இடது கையை என் உதட்டின் மேல் வைத்து அழுத்தினான்.

"மூடு வாயை. செடி குடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது. பட்டுப்போகும்."

பூ விரிந்த அன்று வெயில் அடித்தது. உள்ளே கொண்டுவரக் கூடாத பூவை அவனுக்கு எப்படிக் காட்டுவது? ட்ரெவரும் நானும் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்தோம். பைஜாமாவுக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் கம்பளி. லென் தடியின் நுனியால் ஒரு பூவின் முகத்தை மெதுவாக நிமிர்த்தினான்.

"இது என்ன, நுனியில பச்சையா?"

"எப்பவும் இருந்ததுதான். நீ எங்க பூவைப் பாத்த? புல்லைத்தானே பாத்த?"

"ம்," என்றான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோடு போட்டது மாதிரி வரிசையா நட்டிருக்கலாம்," என்றான் கடைசியில். ட்ரெவர் விழுந்து விழுந்து சிரித்தான்.

டாக்டரும் அம்மாவும் சொன்னது இரண்டும் பலிக்கவில்லை. லென் அந்த வசந்தத்தைத் தாண்டினான். அடுத்த பிப்ரவரியில் இன்னும் நெருக்கமாகப் பூத்ததையும் பார்த்தான். அதற்கப்புறம் ஒரு ஜூலையில், இலையெல்லாம் காய்ந்து மண்ணுக்குள் போன பிறகு, ட்ரெவர் புல்லை வெட்டி முடித்த மறுவாரம், தூக்கத்திலேயே போய்விட்டான். ஜன்னலுக்கு வெளியே ட்ரெவர் போட்ட கோணல் கோடுகள் இருந்தன. அதைத்தான் அவன் கடைசியாகப் பார்த்திருப்பான், பாவம்.

சர்ச்சில் ஒவ்வொருவராக எழுந்து அவனுக்கு நன்றி சொன்னார்கள். ஆலைக்காரர்கள் சொன்னார்கள், பாதிரியார் சொன்னார், நெஸ்டா அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, முன்பு மடையன் என்றவள், அழுதுகொண்டே சொன்னாள். என்னையும் பேசச் சொன்னார்கள். அவன் டீயைப் பற்றிப் பேசினேன், மெஷினைப் பற்றிப் பேசினேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். வயதானவர்கள் சிலருக்குப் புரிந்திருக்கும்.

இப்போது பிளம் மரத்தடி நிறைந்து, பூ வேலிவரை வந்துவிட்டது. போன மார்ச்சில் ஒரு வாளி பெயர்த்து மிஸஸ் ஃபென்விக்குக்குக் கொண்டுபோனேன். அவள் ஏற்கனவே ஓர் ஓரமாக ஜல்லியை வாரிவிட்டு மண் கொத்தி வைத்திருந்தாள். வாளியைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்து, "ரொம்ப நன்—" என்றாள். "வாயை மூடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் நாய் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காரணத்தைச் சொன்னதும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். தேறிவிடுவாள்.

லென்னின் கல்லறையிலும் நட்டிருக்கிறேன். அங்கே புல் வெட்ட வருகிறவர் ரொம்பச் சுத்தமான மனிதர், ஏப்ரலிலேயே வந்து நிற்பார். மே முடியும்வரை அந்த ஒரு இடத்தில் மெஷின் வரக் கூடாது என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறேன். சுற்றிலும் இருக்கிற கல்லறைகளெல்லாம் ஒட்ட வெட்டிக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அவனுடையது மட்டும் பரட்டைத் தலையாகக் கிடக்கும். உள்ளே அவனுக்குக் கை அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

பிப்ரவரியில் அங்கே போய் நிற்கும்போதெல்லாம் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொள்வேன். "புல்லு ரொம்ப வளந்துபோச்சு, லென்," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன்.